ஆம்பல்குளத்தில் அடைத்த படல்

ஆம்பல்குளத்துக் கரையில் ஒரு பெரிய மருதமரம். அதன் அடியில்தான் அந்தக் காட்டுப் பிராணிகளின் கோயில். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. சுற்றிலும் கள்ளிவேலி, அதில் ஒரே ஒரு வாசல், அந்த வாசலுக்கு முள்ளால் பின்னிய ஒரு படல். அவ்வளவுதான்.

கோயிலைப் பெருக்குவதற்கும், மணி அடிப்பதற்கும், படலைத் திறந்து அடைப்பதற்கும் ஒரு கோயில்குட்டி இருந்தது. அது ஒரு முள்ளம்பன்றி. பெயர் மாசிலாமணி. அதற்குத் தனியாக மணி வேண்டியதில்லை. உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினால் போதும், முட்களெல்லாம் கலகலவென்று மோதி மறுகரை வரைக்கும் கேட்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வருஷத்தில் ஒரு தரம் வரும் உலகத் திருவிருந்து நாள். பனிமலைக் கரடிகளும், பாலைவன ஒட்டகங்களும், கடல்நாய்களும் அவரவர் இடத்தில் கூடி, அதே நாளில் அப்பம் பிட்டு ஆண்டவரைத் துதிக்கும். உலகமெல்லாம் ஒரே பந்தி! அதை நினைத்தாலே மாசிலாமணிக்குப் புல்லரிக்கும். முள்ளம்பன்றிக்குப் புல்லரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

அணில்கள் முந்தின நாளே தினைமாவைப் பிசைந்து, வெயிலில் கொதித்த பாறையில் தட்டிப் போட்டு, வட்டமாக ஓர் அப்பம் சுட்டு வைத்திருந்தன. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்த சிவப்புச் சாறு ஒரு சிரட்டை நிறைய இருந்தது. எல்லாரையும் ஏவிக்கொண்டு நின்றது சபைச் செயலாளரான மயில் ராஜரத்தினம்.

"ஏ மாசிலாமணி! வாசலை இன்னும் நல்லா பெருக்கு! இன்னைக்கு யாரு வாறாங்க தெரியுமா?"

"தெரியும் ஐயா! வாத்துங்க!"

"சும்மா வாத்துன்னு சொல்லாதய்யா! வரித்தலை வாத்துங்க! இமயமலையைத் தாண்டி வாற வெளிநாட்டு விருந்தாளிங்க! முன்வரிசை பூரா அவங்களுக்குத்தான். தாமரை இலை போட்டு வை! உலக ஒற்றுமைன்னா என்னன்னு நம்ம குளம் இன்னைக்குக் காட்டப் போவுது!"

சொன்ன சந்தோஷத்தில் மயில் தோகையை விரித்தது. விரித்தது விரித்தபடியே நின்றது.

மாசிலாமணி வாசலுக்கு ஓடியது. அப்போது பாதையில் ஒரு கூட்டம் வருவது தெரிந்தது. வாத்துகள் என்றால் வானத்தில் அல்லவா வரவேண்டும்? இவர்கள் கிழக்கே நாணல்குளத்துப் பக்கமிருந்து புழுதியில் நடந்து வந்தார்கள். முன்னால் ஒரு நீர்க்கோழி, அதன் பின்னே பஞ்சுப் பொதி போலக் குஞ்சுகள். அப்புறம் முயல்கள். கடைசியில் ஒரு நொண்டி நரி, அதன் முதுகில் சவாரி செய்துகொண்டு இரண்டு தவளைகள்!

"தோத்திரம் அண்ணாச்சி!" என்றது நீர்க்கோழி. அதன் பெயர் சலோமி.

"தோத்திரம், தோத்திரம்! எங்க இருந்தும்மா வாறிய?"

"நாணல்குளம் அண்ணாச்சி. லாரி லாரியா மண்ணைக் கொட்டிக் குளத்தையே மூடிட்டாவ. கூடு போச்சு, முட்டை போச்சு. நாங்கதான் மிச்சம். இன்னைக்குத் திருவிருந்துன்னு வழியில கேள்விப்பட்டோம். ஆராதனையில உக்காந்துட்டு, அப்புறம் இந்தக் கரையிலயே ஒரு ஓரமா ஒதுங்கிக்கிடலாமான்னு வந்தோம்."

மாசிலாமணிக்கு மனசு இளகிவிட்டது. படலைப் பிடித்துத் திறக்கவே போனது.

"நில்லு!" என்று ஒரு குரல். ராஜரத்தினம் தோகையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தது. வாசலில் நின்றவர்களை மேலும் கீழும் பார்த்தது. பிறகு முள்ளம்பன்றியின் காதில் கிசுகிசுத்தது.

"யாரைக் கேட்டுத் திறக்க? அப்பம் ஒண்ணுதான் இருக்கு. உள்ள உக்காரவும் இடமில்ல. போதாக்குறைக்கு ஒரு நரி வேற! வெளிநாட்டு விருந்தாளிங்க முன்னால நம்ம மானம் என்ன ஆவும்? ஆராதனை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கிடலாம். அதுக்கு முன்னால இந்தப் படல் திறந்துச்சுன்னா, நாளையில இருந்து வேற கோயில்குட்டிதான்!"

மாசிலாமணியின் கை படலிலேயே நின்றுவிட்டது. கோயில்குட்டி வேலை போய்விட்டால் அதற்கு வேறு என்ன இருக்கிறது? முள்ளுடம்புக்காரனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள்? யார் விளையாடக் கூப்பிடுகிறார்கள்? இந்த வாசலில் நிற்கும்போதுதான் நாலு பேர் அதைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள்.

"ஆராதனை முடியட்டும்மா," என்று சலோமியின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் படலை இழுத்து அடைத்தது.

"சரி அண்ணாச்சி. நாங்க இப்படி நிழல்ல நிக்கோம்," என்றது சலோமி. அது கோபித்துக்கொண்டிருந்தால்கூட மாசிலாமணிக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

சற்று நேரத்தில் வானத்தில் ஒரே ஆரவாரம். வரித்தலை வாத்துகள் வட்டமடித்து வேலிக்குள் வந்திறங்கின. அணில்கள் கைதட்டின, மைனாக்கள் பூத்தூவின. மாசிலாமணி உடம்பைச் சிலுப்ப, ஆராதனை தொடங்கியது.

போதகர் வேதமாணிக்கம் ஒரு கழுதை. பாட்டு என்று வந்துவிட்டால் அது யாருக்கும் விட்டுக்கொடுக்காது. காதைப் பொத்திக்கொண்டவர்களும் பொத்திக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினார்கள். அத்தனை சந்தோஷம்! பாட்டு முடிந்ததும் போதகர் அப்பத்தைக் கையில் எடுத்தது.

அப்பத்தைப் பிடுமுன் போதகர் வாசலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது அந்தக் கோயிலின் வழக்கம். கோயில்குட்டி அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அப்பம் பிடப்படும். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, அதுவும் ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. கேட்பவரும் சொல்பவரும்கூட அதைக் காதில் வாங்குவதில்லை.

"வாசல் காப்பவரே! வெளியே எவராவது நிற்கிறார்களா?" என்று ராகம் போட்டுக் கேட்டது கழுதை.

"ஒருவரும் இல்லை ஐயா! எல்லாரும் உள்ளே இருக்கிறோம்!"

வழக்கம்போல வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜரத்தினம் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தது. அப்பம் உயர்ந்தது. கோயிலில் சத்தமே இல்லை. அந்த அமைதியில், படலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குஞ்சின் குரல் மாசிலாமணிக்கு மட்டும் கேட்டது.

"அம்மா, உள்ள யாருக்கு விருந்து?"

"உலகத்துக்கெல்லாம் விருந்துடா கண்ணு."

"அப்போ நாம உலகத்துல இல்லையாம்மா?"

படல் இடுக்கில், சலோமி அந்தக் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்வது தெரிந்தது.

மாசிலாமணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முட்கள் அத்தனையும் சடசடவென்று எழுந்து நின்றன.

"நிறுத்துங்க போதகரையா!" என்று அது கத்தியது. "அப்பத்தைப் பிடாதீங்க! நான் பொய் சொல்லிட்டேன்! வெளிய ஆள் நிக்காங்க! சின்னஞ்சிறுசுகளோட நிக்காங்க! நான்தான் படலை அடைச்சேன்!"

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கழுதையின் காதுகள் இரண்டும் செங்குத்தாக நின்றன.

"கோயில்குட்டிக்குப் புத்தி பிசகிப்போச்சு!" என்று குதித்தது மயில். "போதகரையா, நீங்க நடத்துங்க! அப்பம் பத்தாது, இடமும் பத்தாது! அவங்களுக்குப் பொறவு பார்த்துக்கிடலாம்!"

அப்போது முன்வரிசையில் இருந்த மூத்த வாத்து கழுத்தை நீட்டி வேலிக்கு வெளியே பார்த்தது. அது வெளிநாட்டுப் பறவையல்லவா? தமிழை இலக்கணமாகப் படித்து வைத்திருந்தது.

"செயலாளர் அவர்களே! வெளியே நிற்பவர்கள் நாணல்குளத்தார் அல்லவா? சென்ற ஆண்டு இறக்கை ஓய்ந்து அவர்கள் குளத்தில்தான் நாங்கள் இறங்கினோம். எந்த ஊர் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. இடம் இல்லை என்கிறீர்களே! தங்கள் தோகையைச் சற்றே மடக்கினால் என்ன?"

எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள். கோயிலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மயிலின் தோகை! யாரோ ஒரு அணில் களுக்கென்று சிரித்தது. அது தொற்றிக்கொள்ள, கோயிலே சிரித்தது. ராஜரத்தினத்தின் முகம் தொங்கிப்போனது. மெதுவாகத் தோகையை மடக்கியது. அடேயப்பா! ஒரு ஊரே உட்காரலாம் போல இடம் கிடைத்தது.

கழுதை மட்டும் சிரிக்கவில்லை. அதன் கண்கள் கலங்கியிருந்தன.

"குருத்தோலை ஞாயிறுதோறும் எங்க வம்சத்துப் பெருமையைப் பேசுவேன்," என்றது அது. "ஆண்டவர் எருசலேமுக்குள்ள போனப்ப எங்க ஆள் மேல ஏறித்தான் போனார்னு சொல்லுவேன். ஆனா எங்க வீட்டுல இன்னொண்ணும் சொல்லுவாங்க. அவரு கைப்பிள்ளையா இருக்கையில, உயிருக்குப் பயந்து ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குத் தூக்கிட்டு ஓடினாங்களே, அப்பவும் சுமந்தது எங்க ஆள்தானாம். இடம் தேடி அலைஞ்ச பிள்ளையோட பந்தியில உக்காந்துக்கிட்டு நாம இடம் இல்லைன்னு சொல்லலாமாய்யா? மாசிலாமணி! படலைத் திற!"

மாசிலாமணி திறக்கவில்லை. படலைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தே விட்டது!

நாணல்குளத்தார் உள்ளே வந்தார்கள். வாத்துகள் தங்கள் தாமரை இலைகளை முயல்களுக்குத் தள்ளிக் கொடுத்தன. தவளைகள் நரியின் முதுகிலிருந்து இறங்க மறுத்துவிட்டன. நரியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலியாகக் கிடந்த இடத்தில் மயிலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது. ராஜரத்தினம் தோகையை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, "காலை நல்லா நீட்டி உக்காருங்க, அவ்வளவு தூரம் நடந்த காலுல்லா!" என்றது.

அப்பம் பிடப்பட்டது. ஒருவர் பிட்டு அடுத்தவர் வாயில் ஊட்ட வேண்டும், அதுதான் முறை. அணில் வாத்துக்கு ஊட்டியது. வாத்து முயலுக்கு ஊட்டியது. மயில் கொடுத்ததை நரி பல் படாமல் பதமாக வாங்கிக்கொண்டது. துண்டுகள் தினையளவுக்குச் சிறுத்துப் போயின. ஆனால் எனக்கு இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சிவப்புச் சாறு எல்லா அலகுகளையும் மூக்குகளையும் ஒரே நிறமாக்கிவிட்டது. பனிமலைக்காரர் யார், பக்கத்துக் குளத்துக்காரர் யார் என்று பார்த்தால் தெரியவில்லை.

மாசிலாமணி மட்டும் வாசலிலேயே நின்றது. அதன் பங்கை ஓர் இலையில் வைத்து வாசலுக்கு அனுப்புவார்கள். முட்களுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? அது அதற்குப் பழகிப்போயிருந்தது. இன்று அந்த இலை வராவிட்டாலும் கேட்கக்கூடாது, அடைத்தவனுக்கு அப்பம் எதற்கு என்று நினைத்துக்கொண்டது.

அப்போது சலோமி எழுந்து வந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க."

"நானாம்மா? உங்களை நிறுத்தி வச்சவன்லா நான்! அதோட இந்த முள்ளு..."

"முள்ளு இருந்தா என்ன? படுக்க வச்சிட்டு வாங்க. பிள்ளைங்க உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு."

மாசிலாமணி முட்களை ஒவ்வொன்றாகப் படிய வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, பந்தியின் நடுவில் போய் உட்கார்ந்தது. குஞ்சுகள் பயப்படாமல் அதன்மேல் சாய்ந்தன. சலோமி தன் துண்டைப் பிட்டு அதன் வாயில் வைத்தது.

"இது உங்களுக்காக அண்ணாச்சி," என்றது.

அத்தனை வருஷம் அந்தக் கோயிலில் வேலை செய்தும் மாசிலாமணி அன்றுதான் முதல்முதலாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. அதற்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆண்டவரின் பந்தியில் நாம் எல்லாருமே விருந்தாளிகள்தான், அங்கே அடுத்தவருக்கு வாசலை அடைப்பவன் தானும் வெளியேதான் நிற்கிறான்.