செம்மூக்கி தள்ளிப்போட்ட சத்தம்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு இருந்தபோது, வற்றிப்போன ஓர் ஏரிக்குள் செம்மூக்கி என்று ஒருத்தி இருந்தாள். நீளக் கால், மூக்கோரம் சிவப்பு. இன்று ஆள்காட்டிக் குருவி என்கிறோமே, அவள்தான். அப்போது அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. தேவையில்லாமல் வாயே திறக்க மாட்டாள்.

ஏரிக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தினம் ஒரு பறவை காவல். கரையில் ஆள் தலை தெரிந்ததும் காவலுக்கு இருப்பவர் கத்திவிட வேண்டும். சத்தம் கேட்டவர்கள் கிழக்கே இருக்கும் இலந்தைப் புதருக்குள் ஓடிவிட வேண்டும். ஏன் எதற்கு என்று நின்று கேட்கக் கூடாது.

செம்மூக்கியின் முறை வந்த அன்று அவள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். நாலு முட்டையில் மூன்று பொரிந்துவிட்டன. நாலாவது அப்போதுதான் விரிசல் விட்டது. போன வருஷம் ஒரு நிமிஷம் எழுந்ததற்கே காக்காய் எல்லாவற்றையும் கொத்திக்கொண்டு போயிருந்தது. அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில், தோளில் வலையோடு ஒருவன் கரையேறி வந்தான். அவள் நன்றாகவே பார்த்தாள். கத்தினால் அவன் கண் தன் மேல் விழும். 'தூரத்தில்தானே இருக்கிறான், இது பொரியட்டும்' என்று நினைத்தாள். அவன் இலந்தைப் புதர் முன்னால் குனிந்து முளையடித்தான். 'பாதி ஓடு விட்டாச்சு, இதோ.' அவன் கரையைச் சுற்றி மேற்கே நடந்தான். 'தலை வந்தாச்சு, இதோ.' தள்ளிப்போடுகிறவர்கள் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. இதோ என்றுதான் சொல்வார்கள். பாழாய்ப்போன இதோ!

குஞ்சு முழுசாக வெளியே வந்தபோது, அவன் கம்பால் புல்லை அடித்துக்கொண்டு அவள் பக்கமே வந்துகொண்டிருந்தான். அப்போதுதான் கத்தினாள், தொண்டை கிழிய.

பக்கத்துப் புல்லுக்குள் குடியிருந்த காடையும் அவள் ஏழு பிள்ளைகளும் அந்தச் சத்தத்தை நம்பி, ஒரே ஓட்டமாக இலந்தைப் புதருக்கு ஓடினார்கள். புதருக்கு முன்னால் வலை கட்டியிருந்தது.

பின்னால் ஓடிய காடை மட்டும் இறகு பிய்ந்து தப்பினாள். வலைக்காரன் ஏழையும் கூடையில் போட்டுக்கொண்டு போன பிறகு செம்மூக்கியிடம் வந்தாள்.

"அக்கா, அவனை எப்போ பார்த்தே?"

"வெயில் ஏறுறப்பவே பார்த்தேன்."

"புதருகிட்ட அவன் குனிஞ்சதையும் பார்த்தியா?"

"பார்த்தேன். கடைசி முட்டை ஓடு விட்டுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் போகட்டும்னு..."

காடை அவள் சிறகுக்கடியில் பார்த்தாள். "பொழைச்சுக்கிச்சா?"

"பொழைச்சுக்கிச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று செம்மூக்கிக்கு இருந்தது.

அதன் பிறகு காடை யார் கத்தினாலும் நம்புவதில்லை. காலடி பக்கத்தில் விழும்வரை புல்லுக்குள் அசையாமல் கிடப்பாள். அன்று முதல்தான் ஆள்காட்டியும் மாடு வந்தாலும் மனுஷன் வந்தாலும், குஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டு எழும்பி, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறாள். கேட்டு ஓடுவதற்கு அந்த ஏழு பேரும் இல்லை என்று தெரிந்தும் கத்துகிறாள்.