ஈரலுக்குள் போன வெயில்

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, வடகோடிக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. காட் என்ற குளிர்கடல் மீனை அறுத்ததும் அதன் ஈரலைக் கரையிலுள்ள தட்டைப் பாறையில் வைத்துவிடுவார்கள். அது கடற்காகங்களின் பங்கு. மீன் கிடக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டுபவை அவைதானே என்று ஊரார் அதைத் தொடக்கூட மாட்டார்கள். மீனின் நல்ல பாகத்தை இப்படிப் பக்தியோடு தாரை வார்த்துவிட்டு மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

குளிர்காலத்தில் அங்கே சூரியன் தலைகாட்டுவதே இல்லை. இருட்டு நீள நீளப் பிள்ளைகளின் எலும்பு இளகிக் கால்கள் வளையும். ராக்னா என்ற மீனவப் பெண்ணுக்கு இங்கா என்று ஒரே மகள். கோடையில் கரையெல்லாம் ஓடித் திரிந்தவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் விழுந்தாள். போன குளிர்காலத்தில் இப்படி விழுந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒருநாள் மீன் அறுக்கக் கத்தியை எடுத்த ராக்னா, பாறையில் காத்திருந்த கடற்காகங்களைப் பார்த்தாள். ஒன்றுக்குக்கூடக் கால் வளைந்திருக்கவில்லை.

"இதுங்களுக்கு மட்டும் எங்கேருந்து வெயில் கிடைக்குது?" என்று வாய்விட்டே கேட்டாள்.

கத்திக்குக் கீழே கிடந்த காட் மீன் பதில் சொன்னது. "கடல்ல இறங்கற வெயிலைக் குடிச்சு நாங்க ஈரல்ல சேர்த்து வைக்கிறோம். எப்படியும் என்னை அறுக்கத்தான் போறே. அந்தத் தின்னிப்பண்டாரங்களுக்குப் போடாம உன் பிள்ளைக்குக் குடு."

பாறையில் சலசலப்பு நின்றது. கிழட்டுக் கடற்காகம் ஒன்று பறந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தது.

"எங்க பங்குல கை வச்சுப் பாரு," என்றது. "மீன் இருக்கற இடத்தை இனிமே காட்டமாட்டோம். ஊரே பட்டினி கிடக்கும்."

வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஹால்வர் அதைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "குடுத்துடு ராக்னா. ஊரோட சாபம் நமக்கு வேண்டாம்."

"அப்ப நம்ம பிள்ளையைக் குடுத்துடலாமா?"

ராக்னா மீனை அறுத்து ஈரலை எடுத்தாள். அடுத்த கணம் கூட்டம் முழுவதும் அவள்மேல் பாய்ந்தது. கையைக் கொத்தின, தலைமுடியைப் பிய்த்தன. ஈரலை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிவந்த ஹால்வர் அவள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றான். கதவுப் பலகை அலகுகளின் கொத்தலில் அதிர்ந்தது.

இங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாத்தமா இருக்கும்மா."

"இருக்கட்டும். விழுங்கு."

ரத்தம் வழியும் விரல்களால் ஊட்டினாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

மறுநாள் கடற்காகங்கள் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை என்ற சபதத்தோடு பறந்தன. ஆனால் பசி கேட்குமா? மீன் இருந்த இடத்துக்கு மேலேயே போய் வட்டமடித்தன. ஊரார் பார்த்தார்கள், அங்கேயே வலை போட்டார்கள். இத்தனை காலமும் தயவு என்று நம்பியது வெறும் பசிதான் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. அன்று பாறைக்கு ஒரு ஈரலும் போகவில்லை.

இங்கா தினமும் முகம் சுளித்தபடியே சாப்பிட்டாள். சூரியன் திரும்பி வருவதற்குள் சுவரைப் பிடிக்காமல் நின்றாள். அந்த வெயிலுக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தவர்கள் வெகுகாலம் கழித்துத்தான் வந்தார்கள்.

அன்று தொட்டுத்தான் வடக்கே மீன் ஈரலின் முதல் வாய் பிள்ளைகளுக்குப் போகிறது. கடற்காகங்கள் ஒவ்வொரு படகையும் துரத்திக்கொண்டு தங்கள் பங்கைக் கேட்டுக் கத்துகின்றன.