துப்பாக்கிக்கு ஒரு துணிப்பை

"முதல்ல எந்தத் துப்பாக்கிய வாங்கலாமுங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

குரு அவர் கையில் ஒரு துணிப்பையை வைத்தார்.

உள்ளங்கை நீளம்தான் இருக்கும். சிவப்புத் துணி, பின்னால் ஒரு ரப்பர் கயிறு. இதில் வெற்றிலை பாக்கு வேண்டுமானால் போட்டு வைக்கலாம் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார்.

இந்தக் குருவுக்குத் தாடியும் இல்லை, ஆசிரமமும் இல்லை. பெயர் ஜெசிந்தா. சீடரைவிட ரொம்ப இளையவர். கோவைக்கு வெளியே மலையடிவாரத்தில் வலை கட்டி ஒரு பெயின்ட்பால் மைதானம் நடத்துகிறார். இரண்டு அணிகள் டயர் குவியலுக்கும் பீப்பாய்க்கும் பின்னால் பதுங்கி ஒருவரை ஒருவர் சுடும் விளையாட்டு அது. துப்பாக்கியில் தோட்டா கிடையாது. வண்ணம் நிரப்பிய சின்ன உருண்டைகள்தான். உடம்பில் பட்டால் சாயத்தோடு ஒரு தடிப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

சீடர் கல்யாண போட்டோகிராபர். நரைத்த வயதில் இந்த ஆசை வந்ததற்குக் காரணம் மகள் மிருதுளா. கல்லூரி அணியில் ஆடுகிறவள். ஊரார் வீட்டுப் பெண்கள் சிரித்ததையெல்லாம் ஓடி ஓடிப் படமெடுத்தவர், சொந்தப் பெண் வளர்ந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டார். முகூர்த்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ரயிலேறும் முன் அவளோடு ஒரே அணியில் ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும். கேட்டதற்கு, வந்து பார்க்கிறேன், ஆடத் தெரிந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கேமரா வாங்கிப் பழகிய மனிதர். நல்ல சாமான் கையில் இருந்தால் பாதி வித்தை வந்த மாதிரி என்பது அவர் கட்சி. எது தூரமாகப் பாயும், எது நேராகப் பாயும், எதற்குக் குழல் நீளம் என்று போனில் பார்த்துப் பார்த்து ஒரு மூட்டைக் கேள்விகளோடு வந்திருந்தார்.

அத்தனைக்கும் பதிலாகக் குரு ஒரு முகமூடியை எடுத்து அவர் முகத்தில் பொருத்திப் பட்டையை இறுக்கினார்.

"இது உங்க கண்ணுக்குங்கண்ணா. அந்தப் பை யாருக்குங்க?"

"துப்பாக்கிக்குத்தானுங்க அம்மிணி. லென்ஸ் மூடி மாதிரி. தூசி போகாம இருக்க."

"இல்லீங்கண்ணா."

அவ்வளவுதான். மைதானத்துத் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார்.

களத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு உள்ளே முகமூடியைக் கழற்றக் கூடாது. வெளியே வருகிறவர் துப்பாக்கியின் வாயில் அந்தப் பையைச் செருகி, ரப்பர் கயிற்றைப் பின்னால் இழுத்து மாட்ட வேண்டும். வெளியேதான் எல்லோரும் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சென்னியப்பன் முகமூடியை மறந்ததில்லை. பையைத்தான் தினமும் மறந்தார். குரு திட்டியதும் இல்லை. கயிற்றருகே வந்து நின்று, தானே மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வழி விடுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பொத்தான் போட்டுவிடுகிற மாதிரி இருக்கும். சென்னியப்பனுக்கு அதில் வெட்கமும் உண்டு, எரிச்சலும் உண்டு.

மழை ஈரம் இறங்காமல் இருக்கவா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். குரு இல்லையென்று தலையசைத்தார்.

சுடாத நேரத்தில் விரலை விசைமேல் வைக்க வேண்டாம், பக்கத்தில் நீட்டி வையுங்கள் என்றும் குரு சொல்லியிருந்தார். அதுவும் அவருக்கு வரவில்லை. காலமெல்லாம் கேமரா பிடித்த விரல், நேராகப் போய் விசைமேல்தான் உட்காரும்.

"எதுத்தாப்ல யாராவது சிரிச்சா, விரல் தானா அமுக்கீருதுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

குரு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மிருதுளா வந்தாள். சென்னியப்பன் அப்போது களத்துக்குள் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குத்தவைத்திருந்தார். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் என்ன வந்ததோ, எழுந்து ஓடி, எதிரணியில் நின்ற ஒருவனின் முதுகில் நீலத்தைப் பூசிவிட்டார். கயிற்றுக்கு வெளியே கைதட்டல் கேட்டது. அவள்தான்.

ஆட்டம் முடிந்ததும் கால் தரையில் பாவாமல் ஓடிவந்தார். கயிற்றருகே குரு நின்றார்.

பொண்ணு வந்திருக்கிறாள், விடுங்கள் என்று கெஞ்சினார். குரு விடவில்லை. பையைச் செருகினார், கயிற்றை மாட்டினார், இழுத்துப் பார்த்தார். பிறகுதான் நகர்ந்தார். இந்த நேரத்திலுமா என்று சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிருதுளா ஒரு டயர்மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்பா முகமூடியைக் கழற்றியதும் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையெல்லாம் ஆரஞ்சு, வழுக்கையில் ஒரு பச்சைத் திட்டு.

"என்னப்பா கோலம் இது?"

சிரித்தாள். வாய்விட்டு, முகமெல்லாம் சிரித்தாள். தன்னைப் பார்த்து அவள் இப்படிச் சிரித்து அவர் கண்டதே இல்லை. கிழக்கு வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்திருந்தது. சுட்டது இதில்தான் என்று காட்டத் துப்பாக்கியை உயர்த்தினார். சிரிப்பு இன்னும் முகத்தில் நின்றது.

விரல் அமுக்கியது.

டப்.

பை ஒருமுறை துள்ளி உப்பியது. பிறகு கனத்துத் தொங்கியது. அதன் அடியிலிருந்து நீலம் சொட்டுச் சொட்டாகச் செம்மண்ணில் விழுந்தது.

துப்பாக்கியின் வாய் எங்கே பார்க்கிறது என்று சென்னியப்பன் பார்த்தார். அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவளுடைய இடது கண் இருந்தது.

அது இமைத்தது.

எத்தனையோ ஆயிரம் கண்களைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தவர், ஒரு கண்ணை அன்றைக்குத்தான் பார்த்தார். வெள்ளையில் ஓடிய மெல்லிய செவ்வரியைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பொடி மச்சம் இருந்தது. பிறந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். கருவிழிக்குள் வானம் தெரிந்தது. வானத்துக்குக் கீழே துப்பாக்கியோடு சின்னதாக அவரே நின்றார். அவருக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மிருதுளா எழுந்து வந்து, அவர் விரலை விசையிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தாள். எடுத்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

குரு வந்தார். துப்பாக்கியை வாங்கி விசையைப் பூட்டினார். நனைந்த பையைக் கழற்றிச் சென்னியப்பனின் மடியில் வைத்தார். இடுப்பிலிருந்து காய்ந்த பை ஒன்றை எடுத்து மாட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"யாருக்குங்கண்ணா?"

சென்னியப்பன் மகளைப் பார்த்தார்.

குரு தலையை ஆட்டினார். பிறகு, "சரி, உங்க கேள்விக்கே வருவோம். முதல்ல எந்தத் துப்பாக்கி வாங்கலாம், சொல்லுங்க" என்றார்.

சென்னியப்பன் அந்த ஈரப் பையை இரண்டு கையாலும் எடுத்து ஏந்திக்கொண்டார்.

"இந்தப் பை எந்தத் துப்பாக்கி வாய்க்குச் சேருமோ, அது போதுங்க."