தாடைக் கட்டியோடு பிறந்த குட்டி

பழியை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற உலகம் இது. ஒரே பழிக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மலை ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிப் பிழைப்பவர் காதர் மைதீன். மனைவி செய்யது பீவி. அவள் தம்பி இஸ்மத்தும் கூடவே இருந்தான். மூவருக்கும் சோறு போட்டது மல்லி என்கிற ஒரே குதிரை. பதினோரு மாதம் சுமந்து, ஒரு விடியலில் மல்லி குட்டி போட்டது. செம்பழுப்பு நிறம், நாலு காலும் நல்ல திடம். ஆனால் தாடைக்குக் கீழே தேங்காய்ப் பருமனில் ஒரு கட்டி! பாவம், குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் உள்ளே இறங்கவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்து தடவிப் பார்த்தார். “வயித்துலயே வளந்த கட்டிங்க. ரொம்ப ரொம்ப அபூர்வம். தொண்டையைச் சுத்திப் பிடிச்சிருக்கு, அறுத்தா தாங்காது. விட்டா பட்டினியில துடிச்சுப் போகும். ஊசி போட்டுடலாம். வீட்டுல ஒருத்தர் சரின்னு சொல்லுங்க.”

காதர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். “சீசன்ல வயித்துப்பிள்ளைக்காரின்னும் பாக்காம இவளைச் சவாரிக்கு இழுத்தேன். கெடுத்ததும் நானு, கொல்லச் சொல்றதும் நானா? என் வாயில வராது.”

“இல்ல மச்சான்,” என்றான் இஸ்மத். “கெட்ட சுழி உள்ள பொலிகுதிரையைக் கொண்டாந்து மல்லியோட சேத்தது நான்தானே. பாவம் என் தலையில விடியட்டும், நானே சொல்லிடறேன்.”

“நீ சும்மா இருடா. சினையா இருந்தவளுக்குக் கடையில கேட்டு வயித்துப் பூச்சி மருந்து கரைச்சு ஊத்துனது நானு. நான்தான் காப்பாத்தணும்,” என்றாள் பீவி.

“யார் மேலயும் தப்பில்ல. ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது,” என்றார் டாக்டரம்மா.

“காரணமே இல்லன்னா நான் எதைச் சொல்லி அழறது?” என்று பீவி கேட்டாள். டாக்டரம்மா பையை மூடினார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

பகல் முழுக்க பீவி மல்லியிடம் பால் பீய்ச்சிப் பாட்டிலில் ஊட்டினாள். குட்டிக்குப் புரையேறியது, பால் மூக்கு வழியாக வந்தது. இஸ்மத் தலையில் அடித்துக்கொண்டான். காதர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. யா அல்லா, இந்த நாள் எப்போது முடியும் என்று மட்டும் இருந்தது அவருக்கு.

வெயில் சாயும்போது, பாட்டிலைக் கண்டதும் குட்டி நடுங்கிச் சுவரோரம் ஒண்டியது.

“ஏங்க, இதுக்குப் பசி ஒரு வாதைன்னா, நான் ஊட்டுறது அதைவிட வாதையா இருக்குங்க,” என்று பாட்டிலைக் கீழே வைத்தாள் பீவி.

டாக்டரம்மா வாசலில் வந்து நிற்கிறார். சொல்லுங்கள், அந்தச் ‘சரி’யைச் சொல்லும் உரிமை மூவரில் யாருக்கு?

விடை: குற்றம் செய்தவருக்கு என்றால் ஒருவருக்கும் இல்லை, ஏனென்றால் அங்கே குற்றமே நடக்கவில்லை. காதர் தன் கையில் பாவம் படக்கூடாது என்று பார்த்தார். இஸ்மத் பாவத்தைச் சுமந்தாவது தன் மனப்பாரத்தைத் தீர்க்கப் பார்த்தான். காலையில் பீவியும் அப்படித்தான் இருந்தாள். சாயங்காலம் அவள் ஒருத்திதான் தன்னை மறந்து குட்டியைப் பார்த்தாள். ஆகவே உரிமை அவளுடையது. “போட்டுடுங்க,” என்றாள். காதர் குட்டியின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். மறுநாள் மல்லிக்கு மடி கனத்து வலித்தது. பாலைக் கறந்து மண்ணில் ஊற்றும் வேலையும் பீவிக்குத்தான் வந்தது.