தாமார் வாசலில் நின்றாள்

“தாமாரை இன்றே அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?” என்று கேட்டார் குரு தாதேயு.

திருச்சபை இன்னும் இளமையாக இருந்த, குருக்கள் மணம் செய்து வாழ்ந்த காலம். சிரியாவில் ஒரு சிற்றூர். குருக்களுக்குத் தலைவரான ஆயர் சக்கேயு தன் தோட்டத்தில் வெள்ளரிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாளைக்கு?”

“திரும்பி வர மாட்டாள், ஆயர் ஆண்டவரே.”

ஆயர் நிமிர்ந்தார். தாதேயுவின் மனைவி வாசலுக்கு வெளியே மூட்டையுடன் நிற்பது தெரிந்தது.

“அவளிடம் என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லை.”

“பிறகு?”

“மலைமேல் இருக்கும் துறவி சொன்னார். மனைவியோடு வாழ்கிறவன் கை பூசையில் திரு அப்பத்தைத் தொடக் கூடாதாம். அன்றிலிருந்து பலிபீடத்தில் அப்பத்தை எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.”

“அவள் என்ன சொன்னாள்?”

“இப்போது அவள் சமையலில் உப்பே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.”

ஆயர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். கை கழுவினார். தாதேயுவின் தோளில் குருவின் அடையாளமாகக் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தாதேயுவின் முகம் வெளுத்தது.

“நான் என்ன தப்பு செய்தேன்?”

“இன்னும் செய்யவில்லை. பக்தியின் பேரைச் சொல்லி மனைவியைத் தள்ளிவிடுகிற குரு பலிபீடத்தில் நிற்கக் கூடாது. அது நம் சபையின் விதி.”

“விதியா?”

“எனக்கு முன்னால் இருந்த ஆயர்களும் அதைத்தான் காத்தார்கள்.”

“அப்படியென்றால் அவள் என்னோடு இருக்கலாமா?”

“அவள் போனால் நீயும் பலிபீடத்தை விட்டுப் போக வேண்டும்.”

தாதேயு ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் ஒரு பெருமூச்சு வந்தது.

எழுந்து வாசலுக்கு ஓடினார்.

“போக வேண்டாம் தாமார். மூட்டையைக் கொடு.”

“யார் சொன்னது?”

“ஆயர் சொன்னார். விதி இருக்கிறதாம்.”

ஆயர் மெதுவாகப் பின்னால் வந்தார். துண்டைத் தாதேயுவின் தோளில் போட்டார். வெள்ளரிப் பாத்திக்குத் திரும்பிப் போனார்.

தாமார் மூட்டையைக் கொடுக்கவில்லை.

“விதி இல்லாதிருந்தால்?”

தாதேயு தலை குனிந்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“அனுப்பியிருப்பேன். மறுநாளே உன்னைத் தேடி ஓடி வந்திருப்பேன்.”

தாமார் மூட்டையை அவர் கையில் வைத்தாள். பிறகு பல நாள் கழித்து முதல்முறையாகச் சிரித்தாள்.

“என் அப்பா உங்களுக்குக் கதவைத் திறந்திருக்க மாட்டார்.”