தீர்ப்பில் ஒரு சொல்

கேஸில் ஜெயித்த மனுஷன் இனிப்போடு வருவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வைகுண்டம் தீர்ப்பு நகலை மட்டும் எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். வயது அறுபத்தாறு, குருவைவிடப் பத்து வருஷம் மூத்தவர். மனைவி காலமான பிறகு இந்த மடமே கதியென்று கிடக்கிற சீடர்.

குரு ஒரு காலத்தில் காலேஜில் இங்கிலீஷ் நடத்தியவர்.

"சாமி, இதுல என்னை ஆவுடையப்பனுக்கு 'ரைவல்'னு போட்டிருக்கு. அப்படின்னா?"

"வக்கீல் சொல்லலையா, அண்ணாச்சி?"

"எதிரின்னு சொன்னாரு."

ஆவுடையப்பன் வேறு யாருமில்லை, வைகுண்டத்தின் சித்தப்பா மகன். வாய்க்கால் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்று இருவரும் இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். முகத்துக்கு முகம் ஒரு பேச்சு கிடையாது. நேற்றுத் தீர்ப்பு வந்தது. இன்று விடியும்போது ஆவுடையப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"தினமும் எந்திரிச்சதும் அவன் மடையைத் திறந்துட்டானான்னுதான் பார்ப்பேன். இன்னைக்கும் போனேன். ஆளைக் காணோம். அப்புறந்தான் சங்குச் சத்தம் கேட்டுது."

தன்னைத் திட்டுவதற்குக்கூட இனி ஊரில் ஆள் இல்லை என்பது வைகுண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம், இப்படி ஒரு தனிமை வரும் என்று எந்த வக்கீல் சொல்லப்போகிறார்?

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு சாமி?"

"லத்தீன்ல ஓடைக்கு ஒரு பேரு உண்டு. அதிலேருந்து வந்தது. ஒரே ஓடையில தண்ணி எடுக்கிற ரெண்டு பேர், ஆதியில அவ்வளவுதான் அர்த்தம்."

"எதிரியா எப்ப ஆனாங்க?"

"தண்ணி குறைஞ்சப்போ ஆகியிருப்பாங்க."

வைகுண்டம் தீர்ப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எழவு வீட்டுக்குப் போகவா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க சாமி."

"அங்கே இப்ப என்ன நடக்கு?"

"நீர்மாலை எடுக்கணும். செத்தவனைக் குளிப்பாட்டப் பங்காளிதான் தண்ணி கொண்டாரணும். அவனுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. பங்காளின்னு மிச்சம் இருக்கது நான் ஒருத்தன்தான்."

"எங்கேருந்து எடுப்பீங்க?"

"அந்த வாய்க்கால்லதான்."

குரு எழுந்து உள்ளே போனார். மடத்துப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

வைகுண்டம் குடத்தைத் தொடவில்லை. "அவன் பொம்பளைப் பிள்ளைக என்னை வெளியே போன்னு சொன்னா?"

"தண்ணியைக் குடுத்துட்டு வாங்க."