குளத்தை மூடிய யானையும் ஆறு குழாய்த் தண்ணீரும்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகள் மணியடித்த சவரியம்மாள். இடைவேளை மணி ஒலித்ததும் அறுநூறு பிள்ளைகள் ஒரே குழாயடியில் முட்டி மோதுவதை நாள்தோறும் பார்த்தவர் அவர். அவர் சொன்ன வரிசை மாறாமல் சொல்கிறேன்.

நெடுவேங்கைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அந்தி சாயும் வேளையில் மரங்கொத்தி அம்மரத்தில் அமர்ந்து, "டக், டக், டக்!" என்று தட்டும். அந்த ஓசையைக் கேட்ட பிறகே விலங்குகள் குளத்தில் வாய் வைக்கும். அதற்கு முன் குடிப்பது பெரிய மரியாதைக் குறைவு என்பது அக்காட்டின் வழக்கம். ஆகவே தட்டிய மறுகணம், மான், காட்டெருமை, கரடி, நரி, முள்ளம்பன்றி ஆகிய எல்லாமும் ஒரே துறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குடிக்கும். முள்ளம்பன்றியின் பக்கத்தில் மட்டும் சற்று இடம் இருக்கும்.

ஒரு கோடையில் அக்காட்டுக்குத் தும்மல் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு கரடி தும்மியது. மறுநாள் மான்கூட்டத்தில் பாதி படுத்துவிட்டது. வயதான காட்டுப்பன்றி ஒன்று படுத்த இடத்திலிருந்து எழவே இல்லை.

காட்டை ஆண்ட யானை வேழினி கவலையில் ஆழ்ந்தாள். துறையில் கூடும் கூட்டத்தில்தான் காய்ச்சல் பரவுகிறது என்பதை அவள் சரியாகவே கண்டுபிடித்தாள். ஒரு பெரிய மரத்தை உருட்டித் துறைக்குக் குறுக்கே போட்டாள்.

"இன்று முதல் பத்து நாட்களுக்குக் குளம் மூடப்பட்டது! மலைக்கு அப்பால் ஓடை இருக்கிறது. மூவாயிரம் எட்டு எடுத்து வைத்தால் போதும். அங்கே சென்று தனித்தனியாகக் குடியுங்கள்!" என்று அறிவித்தாள்.

மூவாயிரம் எட்டு என்பது உண்மைதான். ஆனால் அது யானைக் கால் வைக்கும் எட்டு!

குளத்தருகே ஒரு புதரடியில் நெடுஞ்செவி என்ற முயல் குடியிருந்தாள். அவளுக்குப் பிறந்து ஆறே நாளான நான்கு குட்டிகள். ஓடைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். அவ்வளவு நேரம் குட்டிகளைத் தனியே விட்டால் நரிக்குத்தான் விருந்து. உத்தரவை மீறவும் அவளுக்கு மனம் வரவில்லை. விடியலில் புல்நுனிப் பனியை நக்கினாள். அது தொண்டையை நனைத்ததே தவிரத் தாகத்தைத் தீர்க்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் குறைந்தது. கடைக்குட்டி பசியால் முனகத் தொடங்கியது.

"இனியும் பொறுத்தால் இது பிழைக்காது. தலைவியிடமே கேட்டுவிடுகிறேன்!" என்று நெடுஞ்செவி கிளம்பினாள். குட்டிகளைச் சுற்றி முள்ளம்பன்றி காவலுக்கு நின்றது.

அன்றுதான் குளத்தை மூடியது சரியா தவறா என்று வாதிட, வேங்கைமரத்தடியில் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வேழினி நடுவே நிற்க, காடே திரண்டிருந்தது. காட்டெருமையின் முதுகில் குரங்குகள், கரடியின் காதருகே நரி, மானின் மூக்கில் மற்றொரு மானின் வால்! நெருங்கி நிற்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்வதற்காக அத்தனை பேரும் நெருங்கி நின்றார்கள்.

மரக்கிளையில் நின்று தாவலன் என்ற குரங்கு முழங்கினான்.

"ஒரு தும்மலுக்குப் பயந்து குளத்தை மூடுவதா? இது என்ன ஆட்சி? திற குளத்தை!"

"திற! திற!" என்று பாதிக் கூட்டம் கத்தியது.

கீழே கல்லோடன் என்ற ஆமை கழுத்தை நீட்டினார்.

"பத்து நாள் போதாது! நூறு நாள் மூடுங்கள்! அவரவர் வீட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளட்டும். அறுபது ஆண்டுகளாக நான் அப்படித்தான் இருக்கிறேன். என்ன குறைந்துவிட்டது எனக்கு?"

"மூடு! மூடு!" என்றது மறுபாதி.

"ஆமையாரே, நீர் குடியிருப்பதே குளத்துக்குள்! உமக்கு மூடினால் என்ன, திறந்தால் என்ன?" என்று தாவலன் கேலி செய்தான்.

"உனக்கு மட்டும் என்னவாம், தம்பி? மரப்பொந்தில் தேங்கிய நீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து தாகத்தைப் பற்றிப் பேசுகிறாய். தாடியைத் துடைத்துக்கொள், இன்னும் சொட்டுகிறது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாவலன் அவசரமாகத் தாடியைத் துடைத்தான்.

நெடுஞ்செவி கால்களுக்கு இடையே நுழைந்து முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு சொல்..." என்றாள்.

"பொறு, தங்கச்சி! உன்னைப் போன்ற ஏழை முயல்களுக்காகத்தான் தொண்டை கிழியப் பேசுகிறேன். குறுக்கிடாதே!" என்றான் தாவலன்.

அவள் ஆமையின் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, என் குட்டிகள்..."

"உன் குட்டிகளின் உயிருக்காகத்தானே அம்மா நான் வாதாடுகிறேன்! நடுவில் பேசினால் எனக்குத் தொடர்பு அறுந்துவிடும்" என்றார் கல்லோடன்.

நெடுஞ்செவிக்கு வந்ததே கோபம்! ஒரே தாவலில் ஆமையின் ஓட்டின்மேல் ஏறி நின்றாள். பின்னங்காலால் ஓங்கித் தட்டினாள்.

"யாரது என் வீட்டுக் கூரைமேல்?" என்று அலறினார் கல்லோடன்.

"நான்தான்! நீங்கள் இருவரும் யாருக்காகப் பேசுகிறீர்களோ, அந்த முயல்!"

தாவலன் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். பதில் வரவில்லை. தும்மல் வந்தது. அப்படி ஒரு தும்மலை அக்காடு அதுவரை கேட்டதில்லை. அதன் வேகத்தில் அவன் கிளையிலிருந்து நழுவிக் காட்டெருமையின் முதுகில் பொத்தென்று விழுந்தான். அடுத்து நரி தும்மியது. அதற்கடுத்து இரண்டு மான்கள். "ஐயோ, காய்ச்சல்!" என்று கூட்டம் நாலா திசையிலும் சிதறி ஆளுக்கொரு புதரடியில் ஒதுங்கியது. மூன்று நாள் உத்தரவால் முடியாததை ஒரு தும்மல் செய்து முடித்தது.

இப்போதுதான் அமைதி கிடைத்தது. வேழினி துதிக்கையைத் தாழ்த்தி, "சொல், அம்மா" என்றாள்.

"தாயே, நீங்கள் சொன்ன மூவாயிரம் எட்டு எனக்கு ஒரு பகல் வழி. மூன்று நாளாக நான் குடிக்கவில்லை. கடைக்குட்டிக்குப் பால் இல்லை."

வேழினி தன் காலைப் பார்த்தாள். பிறகு முயலின் காலைப் பார்த்தாள். "என் கால் அளவை வைத்துக் காட்டையே அளந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்" என்றாள்.

"பார்த்தீர்களா! ஒப்புக்கொண்டார்!" என்று தாவலன் குதித்தான். "பார்த்தீர்களா! பணிந்துவிட்டார்!" என்று கல்லோடன் முணுமுணுத்தார். இருவரையும் வேழினி திரும்பிப் பார்க்கவில்லை.

"குளத்தைத் திறந்தால் காய்ச்சல் பரவுகிறது. மூடினால் உன் குட்டி சாகிறது. நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்."

"தாயே, என் புதரிலிருந்து பார்த்தால் துறை தெரியும். குளத்தை மூடுவதற்கு முன்னும் நான் பார்த்திருக்கிறேன். காலையில் அங்கே யாரும் இல்லை. நண்பகலில் ஒரு கொக்கு மட்டும் நிற்கும். பிற்பகலிலும் வெறிச்சோடிக் கிடக்கும். மரங்கொத்தி அண்ணன் அந்தியில் ஒருமுறை தட்டுகிறார். அதனால்தான் எல்லாரும் அந்த ஒரு நாழிகையில் வந்து விழுகிறோம். மூட வேண்டியது குளத்தை அல்ல, அந்தக் கூட்டத்தை!"

எல்லாரும் அண்ணாந்து, வேங்கைமர உச்சியில் இருந்த மரங்கொத்தியைப் பார்த்தார்கள்.

"ஏனப்பா, ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் உன்னால் தட்ட முடியாதா?" என்று வேழினி கேட்டாள்.

"முடியாதா? நாள் முழுவதும் எனக்கு வேறு என்ன வேலை?" என்றது மரங்கொத்தி. "யாராவது கேட்டால்தானே!"

வேழினி அப்போதே துறையிலிருந்த மரத்தை உருட்டித் தள்ளினாள். புதிய உத்தரவு பிறந்தது. விடியலில் ஒரு தட்டு, முயல் முதலான சிறு விலங்குகளுக்கு. வெயில் ஏறியதும் இரண்டு தட்டு, மான்களுக்கு. இப்படியே அந்திவரை ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வேளை. தும்முகிறவர்கள் துறைக்கு வரவே கூடாது. அவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கே வேழினி தண்ணீர் கொண்டு போவாள்.

"தலைவி கையாலேயா?" என்று கரடி வியந்தது.

"கையேது எனக்கு? துதிக்கையால்தான்!" என்று வேழினி சிரித்தாள்.

பதினைந்தாம் நாள் காட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. வேங்கை பூத்தது. மான்கள் துள்ளின. கடைக்குட்டி கொழுகொழுவென்று வளர்ந்து அண்ணன்மாரின் காதைக் கடித்தது. "திறக்கச் சொன்னவன் நான்!" என்று தாவலன் கிளையிலிருந்து பெருமை பேசினான். "கூட்டத்தை மூடச் சொன்னது யார்? நானல்லவா!" என்று கல்லோடன் நீரிலிருந்து கத்தினார். இருவருக்கும் இடையே பத்து முழ இடைவெளி இருந்தது. அதுவே போதும் என்று காடு அவர்களை மகிழ்ச்சியோடு பேச விட்டுவிட்டது.

அன்று மாலை வேழினி மூங்கில் குழாய்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நெடுஞ்செவியின் புதருக்கு வந்தாள்.

"என் உத்தரவால் உனக்கு மூன்று நாள் தண்ணீர் போயிற்று. அரசு கடன் வைக்கக்கூடாது. இந்தா, ஐந்து குழாய்!"

நெடுஞ்செவி காதை நிமிர்த்தினாள். "தாயே, நாளுக்கு இரண்டு குழாய் குடிப்பவள் நான். மூன்று நாளுக்கு எத்தனை?"

வேழினி வாய்விட்டுச் சிரித்தாள். காடே அதிர்ந்தது. அவள் குளத்துக்குத் திரும்பி நடந்து, இன்னொரு குழாயை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

ஊரைக் காக்க உத்தரவு இடுகிறவரும், அதை எதிர்த்தோ ஆதரித்தோ வாதிடுகிறவரும், அந்த உத்தரவின் சுமையைத் தாங்குகிறவரை முதலில் கேட்க வேண்டும் என்று நெடுவேங்கைக் காடு கற்றுக்கொண்டது. வேழினியின் கடனும் ஒரு சொட்டுக் குறையாமல் தீர்ந்தது: ஆறு குழாய்த் தண்ணீர்.